கெர்னல் எழுதும் நினைவகக் கணக்கு

கணினியிலோ கைபேசியிலோ ஓடும் எந்தச் செயலிக்கும் தன் தரவு ரேமில் எந்த இடத்தில் கிடக்கிறது என்பது தெரியாது. அது கையாளும் முகவரிகள் அனைத்தும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதற்கென்று வகுத்துக் கொடுத்தவை. ஒரு செயலி நாலு லட்சமாவது முகவரியில் உள்ள எண்ணைக் கேட்கிறது என்று கொள்வோம். அந்த எண் ரேமின் வேறொரு மூலையில் இருக்கலாம். வட்டில், இன்னும் படிக்கப்படாத ஒரு கோப்பில் இருக்கலாம். எங்குமே இல்லாமலும் இருந்து, கேட்ட பிறகு உண்டாக்கப்படலாம். செயலி காணும் இந்த முகவரிக்கு மெய்நிகர் முகவரி என்று பெயர். எந்த மெய்நிகர் முகவரிக்குப் பின்னால் எது இருக்கிறது என்ற கணக்கை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக எழுதி, நொடிக்கு நொடி திருத்தி, கடைசியில் அழிப்பது கெர்னலின் முதன்மையான வேலைகளில் ஒன்று. கணினிப் பயனர்களில் பெரும்பாலோர் நேரில் பார்க்காத இந்தக் கணக்கில் பிசகு வந்தால், ஒருவருடைய வங்கிக் கடவுச்சொல்லை இன்னொரு நிரல் படித்துவிட முடியும்.

இந்த வேலையின் இரண்டு பாதிகளான மென்பொருளிலும் வன்பொருளிலும் தென்சென்னைக்குப் பங்கு உண்டு. திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் டைடல் பார்க்கிலிருந்துதான் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வளர்த்தெடுத்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பது அதன் முழுப்பெயர். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அதன் முதல் பதிப்பு 2007-இல் வெளிவந்தது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இருந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அடையாறை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில், பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு 'சக்தி' என்ற புராசசர் குடும்பத்தை வடிவமைத்தது. 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்ட சக்தி சில்லு லினக்ஸை இயக்கிக் காட்டியது. அதே ஆண்டு சண்டிகரை அடுத்துள்ள அரசின் குறைகடத்தி ஆய்வகத்தில், 180 நானோமீட்டர் அளவில், முழுக்க இந்தியாவிலேயே இன்னொரு சில்லும் உருவானது. முகவரியை மாற்றித் தரும் மின்சுற்று சக்தியில் இருக்கிறது. அந்தச் சுற்றுக்கு எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் கெர்னல் பாஸில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் செயலிக்கு நினைவகம்.

முகவரியை இப்படி மாற்றித் தர வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? தொடக்கக் காலக் கணினிகளில் ஒரு நிரல் ரேம் முழுவதையும் தனக்கே உரியதாக எடுத்துக்கொண்டது. நிரல் ரேமைவிடப் பெரிதாகிவிட்டால், அதைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு எப்போது உள்ளே வர வேண்டும் என்று நிரலரே எழுத வேண்டியிருந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழு உருவாக்கி 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி இந்தச் சுமையை இறக்கி வைத்தது. நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, வேகமான காந்த உள்ளக நினைவகத்துக்கும் மெதுவான காந்த உருளைக்கும் இடையே அவற்றைக் கணினியே நகர்த்திக்கொண்டது. நிரலருக்கு இரண்டும் ஒரே பெரிய நினைவகமாகத் தெரிந்தன.

வணிகக் கணினிகளில் இந்த உத்தி பரவப் பத்தாண்டு பிடித்தது. ஐ.பி.எம். நிறுவனம் தன் 370 வரிசைக்கு மெய்நிகர் நினைவகத்தை 1972 ஆகஸ்டில்தான் அறிவித்தது. அந்த வரிசையின் 155 மாடல் 1970-இல் அறிவிக்கப்பட்டபோது முகவரி மாற்றும் சுற்று இல்லாமலேயே வந்தது; பின்னர் வேண்டியவர்கள் அதற்கென்று தனிப் பெட்டியை வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெர்மனியின் உதவியோடு வளர்ந்த சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் வந்து சேர்ந்தது அந்த 370/155 மாடல்தான். சுற்று இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரக் கெர்னலாலும் ஒவ்வொரு செயலிக்கும் தனி உலகம் அமைத்துக் கொடுக்க முடியாது. சக்தி குடும்பத்திலும் இந்த எல்லைக்கோடு உண்டு. கருவிகளுக்குள் பொருத்தும் சிறிய ஈ-வகைச் சில்லுகளில் முகவரி மாற்றும் சுற்று கிடையாது. லினக்ஸ் ஓடும் சி-வகையில் உண்டு.

சக்தி பின்பற்றும் கட்டளைத் தொகுப்பு ரிஸ்க்-ஃபைவ். அதில் முகவரி மாற்றத்துக்குப் பல திட்டங்கள் இருக்கின்றன. 64 பிட் லினக்ஸுக்கு அடிப்படையானது எஸ்வி39. முகவரியில் 39 பிட்டுகள் பொருள் உடையவை என்பதால் இந்தப் பெயர். 39 பிட்டுகளால் 512 ஜிகாபைட் வரை எண்ண முடியும். அதில் பாதியை, அதாவது 256 ஜிகாபைட்டை, லினக்ஸ் செயலிக்கு ஒதுக்கி, மறுபாதியைத் தனக்கு வைத்துக்கொள்கிறது. ஒரு ஜிகாபைட் ரேம் மட்டுமே உள்ள பலகையிலும் ஒவ்வொரு செயலிக்கும் 256 ஜிகாபைட் முகவரிப் பரப்பு கிடைக்கும்.

இந்தப் பரப்பு 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு பக்கமும் ரேமில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு 8 பைட். 512 ஜிகாபைட்டுக்கும் ஒரே நீளப் பட்டியலாக எழுதினால் 13 கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகள் தேவைப்படும். பட்டியல் மட்டுமே 1 ஜிகாபைட்டை விழுங்கிவிடும், அதுவும் செயலிக்கு ஒன்று வீதம். அதனால் பட்டியல் மூன்று அடுக்கு மரமாக அமைக்கப்படுகிறது. முகவரியின் மேல் 9 பிட்டுகள் வேர் அட்டவணையின் 512 குறிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. அது இரண்டாம் அடுக்கு அட்டவணையைக் காட்டும். அடுத்த 9 பிட்டுகள் அதிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு வழி சொல்லும். அதற்கடுத்த 9 பிட்டுகள் பக்கத்தையே கண்டுபிடிக்கும். எஞ்சிய 12 பிட்டுகள் பக்கத்துக்குள் எத்தனையாவது பைட் என்பதைக் குறிக்கும். 512 குறிப்புகள், ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் மொத்தம் 4 கிலோபைட். அட்டவணையும் மிகச் சரியாக ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. செயலி தொடாத பகுதிகளுக்குக் கீழ் அடுக்கு அட்டவணையே இருக்காது. பெரும்பாலான செயலிகள் தங்கள் பரப்பில் மிகச் சிறு பகுதியையே பயன்படுத்துவதால் முழு மரமும் சில பக்கங்களில் முடிந்துவிடும்.

ஒவ்வொரு குறிப்பிலும் இடத்தோடு சேர்த்து அனுமதிகளும் எழுதப்படுகின்றன. குறிப்பு செல்லுமா, பக்கத்தைப் படிக்கலாமா, எழுதலாமா, அதிலுள்ள கட்டளைகளை ஓட்டலாமா, சாதாரணச் செயலி தொடலாமா கெர்னல் மட்டுமா என்பதற்கெல்லாம் ஒவ்வொரு பிட். பக்கம் அண்மையில் தொடப்பட்டதா, அதில் எழுதப்பட்டதா என்பதைக் குறிக்க இன்னும் இரண்டு பிட். பார்க்க அற்பமான இந்தப் பிட்டுகள்தான் பின்னால் வரும் அத்தனை உத்திகளையும் தாங்கி நிற்கின்றன.

நினைவகத்தை ஒருமுறை தொட மூன்று அட்டவணைகளைப் படிக்க வேண்டும் என்றால் கணினி நத்தை வேகத்தில்தான் ஓடும். எனவே புராசசர் அண்மையில் மாற்றிய முகவரிகளின் விடைகளைத் தனக்குள் ஒரு சிறிய, மிக வேகமான நினைவில் வைத்துக்கொள்கிறது. டி.எல்.பி. என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலான முகவரிகளுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். கிடைக்காதபோது மட்டும் மரத்தில் இறங்க வேண்டும்.

இதுவரை சொன்னது புராசசர் படிக்கும் கணக்கு. கெர்னல் தனக்கென்று இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. அதில் பக்கம் பக்கமாக எழுதுவதில்லை, பகுதி பகுதியாக எழுதுகிறது. இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை, இந்தக் கோப்பின் இந்த இடத்திலிருந்து, படிக்க மட்டும் என்பது போன்ற ஒவ்வொரு பதிவும் ஒரு பகுதி. லினக்ஸ் நிரல்மூலத்தில் இதை வி.எம்.ஏ. என்பார்கள். ஒரு செயலியைத் திறக்கும்போது கெர்னல் அதன் கோப்பின் தலைப்பைப் படித்து, கட்டளைகளுக்கு ஒரு பகுதி, தரவுக்கு ஒரு பகுதி, 'ஸ்டாக்' எனப்படும் தற்காலிகத் தரவு அடுக்குக்கு ஒரு பகுதி என்று பதிந்துவிட்டு ஓட்டத் தொடங்குகிறது. பொது நூலகக் கோப்புகளைச் செயலி தனக்குள் இணைத்துக்கொள்ளும்போது ஒவ்வொன்றுக்கும் நாலைந்து பகுதிகள் சேரும். லினக்ஸில் 'ப்ராக்' என்ற அடைவுக்குள் ஒவ்வொரு செயலிக்கும் உள்ள 'மேப்ஸ்' கோப்பைத் திறந்தால் இந்தப் பதிவேட்டை வரி வரியாகப் படிக்கலாம். பாஸ் நிறுவிய பள்ளிக் கணினியிலும் இது உண்டு. கணினி அறிவியல் மாணவர் ஒருவர் பாடநூலில் படிப்பதைவிட அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து பார்ப்பதில் கற்றுக்கொள்வது அதிகம். ஒரே செயலியை இரண்டு முறை திறந்தால் முகவரிகள் மாறியிருப்பதும் அதில் தெரியும். தாக்குபவர் எந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்று ஊகிக்காதபடி கெர்னல் ஒவ்வொரு முறையும் இடங்களைக் கலைத்துப் போடுகிறது.

செயலி ஓடும்போது புதுப் பகுதி வேண்டுமென்றால் 'எம்மேப்' என்ற அழைப்பின் மூலம் கெர்னலைக் கேட்கிறது. வெற்று நினைவகம் கேட்கலாம். ஒரு கோப்பையே நினைவகம் போல விரித்துத் தரும்படியும் கேட்கலாம். பெர்க்கிலி யூனிக்ஸ் 1983-இலேயே இந்த அழைப்பை வடிவமைத்து ஆவணத்தில் எழுதியது. நடைமுறைக்குக் கொண்டுவந்தது சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4.0, 1988-இல். சி மொழியில் எழுதும் நிரலர் நினைவகம் கேட்க 'மேலோக்' என்ற நூலகச் செயற்கூறைத்தான் அழைப்பார். அந்த அழைப்பு 128 கிலோபைட் போன்ற பெரிய அளவைக் கேட்டால் லினக்ஸின் வழக்கமான நூலகம் உள்ளுக்குள் எம்மேப்பைத்தான் நாடுகிறது.

எம்மேப் அழைப்பு மிக விரைவாக முடிந்துவிடும். ஒரு ஜிகாபைட் கேட்டாலும் நாலு கிலோபைட் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் ஆகும். ஏனென்றால் கெர்னல் அப்போது ரேமில் ஓர் இடத்தையும் ஒதுக்குவதில்லை; பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறது, அவ்வளவே. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் மனை எண்களும் சாலைகளும் வரையப்படும்; தரையில் வீடு எழுவது ஒவ்வொருவராக வந்து கட்டும்போதுதான். அது போலவே இங்கும் பதிவு முதலில், பக்கம் பிறகு. நினைவக மேலாண்மையில் உள்ள சிக்கனமும் வேகமும், ஆபத்தான பிழைகளும் எல்லாமே பதிவுக்கும் பக்கத்துக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியிலிருந்து பிறக்கின்றன.

செயலி அந்தப் பரப்பில் ஒரு முகவரியை முதன்முறை தொடும்போது புராசசர் அட்டவணையில் தேடிப் பார்க்கிறது. குறிப்பு இல்லை. உடனே செயலியை அந்தக் கட்டளையிலேயே நிறுத்திவிட்டுக் கெர்னலை எழுப்புகிறது. இதற்குப் பக்கப் பிழை என்று பெயர். பிழை என்று சொன்னாலும் இது அன்றாட நிகழ்ச்சி. ஓர் உலாவியைத் திறக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் நடக்கும். ரிஸ்க்-ஃபைவ் புராசசர் நின்ற காரணத்தை ஓர் எண்ணாகக் கெர்னலிடம் கொடுக்கிறது. கட்டளையை எடுக்கப் போய் நின்றால் 12, தரவைப் படிக்கப் போய் நின்றால் 13, எழுதப் போய் நின்றால் 15. எந்த முகவரி என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

கெர்னல் அந்த முகவரியைத் தன் பதிவேட்டில் தேடுகிறது. எந்தப் பகுதிக்குள்ளும் அது வராவிட்டால் செயலி எல்லை மீறியிருக்கிறது என்று பொருள். அதற்கு ஒரு சைகை அனுப்பப்படும். பெரும்பாலும் செயலி அந்த இடத்திலேயே முடியும். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று சி மொழி கற்கும் ஒவ்வொரு மாணவரும் திரையில் கண்டு திகைக்கும் செய்தி இதுதான். பகுதி இருந்தும் அனுமதி பொருந்தாவிட்டாலும் இதே முடிவு. எல்லாம் பொருந்தினால் அந்தப் பகுதியின் தன்மையைப் பார்த்துக் கெர்னல் பக்கத்தைக் கொண்டுவருகிறது. வெற்று நினைவகம் என்றால் ரேமில் ஒரு காலிப் பக்கத்தை எடுத்து, முழுக்கச் சுழியால் நிரப்பி, அட்டவணையில் குறிப்பை எழுதுகிறது. கோப்பு என்றால் அந்தக் கோப்பின் பக்கம் ஏற்கெனவே ரேமில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அதையே காட்டுகிறது, இல்லாவிட்டால் வட்டிலிருந்து படிக்க ஆணையிட்டு, வந்து சேரும்வரை செயலியை உறங்க வைக்கிறது. பிறகு நின்ற அதே கட்டளை மறுபடி ஓடுகிறது. நடுவில் தன்னை நிறுத்தினார்கள் என்பதே செயலிக்குத் தெரியாது.

கோப்புப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும் இந்த வழக்கத்தால் மிச்சமாகும் நினைவகம் மிகப் பெரியது. லோஹித் தமிழ் போன்ற ஓர் எழுத்துரு கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுத்துருக்களைத் திறக்கப் பரவலாகப் பயன்படும் ஃப்ரீடைப் நூலகம் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் எழுத்துருக் கோப்பை எம்மேப் மூலம் விரிக்கிறது. ஒரே நேரத்தில் பல செயலிகள் தமிழில் எழுத்துக் காட்டினாலும், 'க'வின் வடிவம் அடங்கிய பக்கம் ரேமில் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு செயலியும் அதை வெவ்வேறு முகவரியில் பார்க்கும். ஏறக்குறைய எல்லாச் செயலிகளுக்கும் தேவைப்படும் சி மொழி நூலகத்துக்கும் இதே ஏற்பாடுதான். நினைவகம் குறைந்த கணினிகளில் இந்தப் பகிர்வு இல்லாமல் ஒரு வரைகலைத் திரையை ஓட்டுவதே கடினம்.

இதைவிட நுட்பமானது, எழுதும்போது மட்டும் படியெடுக்கும் உத்தி. யூனிக்ஸ் மரபில் ஒரு செயலி 'ஃபோர்க்' என்ற அழைப்பால் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும். முழு நினைவகத்தையும் நகலெடுத்தால் வெகுநேரம் ஆகும். அதனால் கெர்னல் பதிவேட்டையும் அட்டவணையையும் மட்டும் படியெடுத்து, இருவரையும் ஒரே பக்கங்களைப் பார்க்கச் செய்கிறது. அந்தப் பக்கங்களின் எழுதும் அனுமதியை இருவருக்குமே நீக்கிவிடுகிறது. யாராவது ஒருவர் எழுத முயன்றால் பக்கப் பிழை வரும். பதிவேட்டில் எழுதலாம் என்றும் அட்டவணையில் கூடாது என்றும் இருப்பதைப் பார்த்துக் கெர்னல் காரணத்தைப் புரிந்துகொண்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் படியெடுத்து எழுதியவருக்குக் கொடுக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலிகள் விரைவாகத் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'ஸைகோட்' என்ற ஒரு தாய்ச் செயல்முறை பொது நூலகங்களை எல்லாம் முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்கும். ஒவ்வொரு செயலியும் அதிலிருந்து கிளைத்துப் பிறக்கிறது.

பதிவுக்கும் பக்கத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2016 அக்டோபரில் உலகம் கண்டது. 'டர்ட்டி கௌ' என்று பெயர் பெற்ற அந்த ஓட்டை 2007 முதல் லினக்ஸில் இருந்தது. படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு கோப்பை ஒரு செயலி தனக்கான தனிப் படியாக விரித்துக்கொள்கிறது. அதன் ஓர் இழை, அதாவது செயலிக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் ஒரு கட்டளைத் தொடர், அந்தப் பரப்பில் கெர்னல் வழியாக எழுத முயல்கிறது. கெர்னல் விதிப்படி பக்கத்தைப் படியெடுத்துவிட்டு, படியெடுத்தாயிற்று என்பதால் எழுதும் சோதனையைத் தளர்த்தி, மறுபடி தேடுகிறது. சரியாக அந்த நொடியில் இன்னோர் இழை அந்தப் படி தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. படி போய்விடுகிறது. தேடிய கெர்னலுக்கு மூலப் பக்கம் கிடைக்கிறது. தளர்ந்த சோதனையோடு அதிலேயே எழுதிவிடுகிறது. சாதாரணப் பயனர் ஒருவர் நிர்வாகியின் கோப்பைத் திருத்திவிடலாம். அதன் வழியே கணினி முழுவதையும் கைப்பற்றலாம். திருத்தத்தை எழுதிய, லினக்ஸை உருவாக்கியவரான லினஸ் டோர்வால்ட்ஸ், பல ஆண்டுகளுக்கு முன் தானே இதைச் சரிசெய்ய முயன்றதாகவும் அந்த முயற்சி சரியாக அமையவில்லை என்றும் அந்தத் திருத்தக் குறிப்பிலேயே பதிவு செய்தார். லினக்ஸ் கெர்னலை அடியாகக் கொண்ட ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் இந்த ஓட்டை பொருந்தியது. இத்தனை பேர் படித்த நிரலில் இவ்வளவு காலம் இது ஒளிந்திருந்தது, ஒரே நேரத்தில் பல இழைகள் தொடும் கணக்கைச் சரியாக எழுதுவது எவ்வளவு கடினம் என்பதற்குச் சான்று.

பக்கங்களைப் பிறகுதான் தருவது என்று வைத்துக்கொண்டால், கையில் உள்ளதைவிட அதிகமாகவே கெர்னல் பதிந்து கொடுக்க முடியும். லினக்ஸ் அப்படித்தான் செய்கிறது. பெரும்பாலான செயலிகள் கேட்டதை எல்லாம் தொடுவதில்லை என்ற அனுபவம் அதற்குத் துணை. வழக்கமான அமைப்பில், அப்பட்டமாக அளவு மீறும் கோரிக்கையை மட்டும் கெர்னல் மறுக்கும். கண்டிப்பாகக் கணக்குப் பார்க்கும் அமைப்பும் உண்டு. வங்கி, தொலைத்தொடர்பு போன்ற இடங்களில் நிர்வாகிகள் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரேம் நிரம்பத் தொடங்கும்போது கெர்னல் பக்கங்களைத் திரும்பப் பெறுகிறது. எந்தப் பக்கம் அண்மையில் தொடப்படவில்லை என்பதை அட்டவணையில் உள்ள அந்த ஒரு பிட் சொல்லிவிடும். கோப்பிலிருந்து வந்து மாறாத பக்கம் என்றால் அப்படியே கைவிடலாம். வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம். மாற்றப்பட்ட கோப்புப் பக்கத்தை முதலில் வட்டில் எழுத வேண்டும். கோப்பே இல்லாத வெற்றுப் பக்கத்தை வட்டில் இதற்கென ஒதுக்கிய இடத்தில் வைக்கலாம். கைபேசிகளில் அதைச் சுருக்கி ரேமிலேயே ஓரமாக வைப்பது வழக்கம். பழைய மடிக்கணினி ஒன்றில் உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்ததும் வட்டு ஓயாமல் சுழன்று எல்லாம் உறைந்து நிற்பது, பக்கங்கள் இப்படி வெளியே போவதும் உடனே திரும்பத் தேவைப்படுவதுமாக அலைவதால்தான். அதற்கும் மேல் போனால் கெர்னல் அதிக நினைவகம் பிடித்திருக்கும் செயல்முறை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் ரேமில் உள்ள பக்கங்கள், வெளியே வைத்த பக்கங்கள், அட்டவணைகளின் அளவு ஆகியவற்றைக் கூட்டி மதிப்பெண் போடுகிறது. கடுமையான முடிவுதான், ஆனால் கணினி முழுவதும் நிற்பதைவிட மேலானது.

பதிவேட்டை எப்படி அடுக்கி வைப்பது என்பது வெளியே தெரியாத, ஆனால் கெர்னல் நிரலர்களை ஆண்டுக்கணக்கில் வாட்டிய கேள்வி. நவீன உலாவியிலோ தரவுத்தளத்திலோ ஆயிரக்கணக்கான பகுதிகள் இருக்கும். ஒரு செயலிக்கு 65,530 பகுதிகள் என்பது லினக்ஸின் இயல்பான உச்ச வரம்பு. எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடல் மென்பொருள் அதைக் குறைந்தது 2,62,144 ஆக உயர்த்தும்படி கேட்கிறது. நெடுங்காலம் லினக்ஸ் பகுதிகளை முகவரி வரிசையில் ஒரு சங்கிலியாகவும், விரைந்து தேட சிவப்பு-கறுப்பு மரம் என்ற அமைப்பாகவும் இருமுறை எழுதி வைத்திருந்தது. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் இரண்டையும் எடுத்துவிட்டு, லியம் ஹவ்லெட், மேத்யூ வில்காக்ஸ் இருவரும் வடிவமைத்த மேப்பிள் மரம் வந்தது. ஒரு கணுவில் இரண்டு கிளைகளுக்குப் பதிலாகப் பல பகுதிகளை அருகருகே வைப்பதால் தேடும்போது நினைவகத்தைத் தொடும் முறைகள் குறைகின்றன. பாஸுக்கு அடிப்படையான டெபியனின் 12-ஆம் பதிப்பு இந்த 6.1 கெர்னலோடுதான் வெளியானது.

மேப்பிள் மரத்தின் பெரும்பயன் வேகத்தோடு நிற்கவில்லை. ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் பூட்டுப் போடாமல் அதைப் படிக்க முடியும். அதுவரை ஒரு செயலியின் பதிவேடு முழுவதற்கும் ஒரே பூட்டுதான் இருந்தது. ஓர் இழை புதுப் பகுதி கேட்டுப் பதிவேட்டைத் திருத்தும்போது, அதற்குத் தொடர்பே இல்லாத இடத்தில் பக்கப் பிழை வந்த இன்னோர் இழையும் காத்துக் கிடக்கும். கைபேசியில் செயலி திறக்கும் அந்தச் சில நூறு மில்லிநொடிகளில் டஜன் கணக்கான இழைகள் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்பதால் இந்தக் காத்திருப்பு நேரடியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. ஆண்ட்ராய்டுக்காகக் கூகுளில் பணிபுரியும் சுரேன் பக்தசர்யான் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பூட்டு என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார்; 2023-இல் வெளியான 6.4 பதிப்பில் அது சேர்ந்தது. பல்லாண்டு விவாதிக்கப்பட்ட சிக்கலுக்கு, அடுக்கும் முறை மாறியதும் வழி திறந்தது.

பக்கத்தின் அளவும் இப்போது மறு ஆய்வுக்கு வந்திருக்கிறது. ரேம் பல ஜிகாபைட்டாகிவிட்ட காலத்தில் 4 கிலோபைட் சிறியது, டி.எல்.பி.யில் இடம் போதவில்லை. எஸ்வி39 மரத்தில் மூன்றாம் அடுக்குக்கு இறங்காமல் இரண்டாம் அடுக்கிலேயே நின்றுவிட்டால் 2 மெகாபைட் பக்கமும், முதல் அடுக்கில் நின்றால் 1 ஜிகாபைட் பக்கமும் கிடைக்கும். 2011-இல் வந்த 2.6.38 பதிப்பிலிருந்து லினக்ஸ் வாய்ப்புக் கிடைக்கும் இடத்தில் 2 மெகாபைட் பக்கங்களைத் தானாகவே பயன்படுத்தத் தெரிந்துகொண்டது. ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கிலோபைட் பக்கம் கொண்ட கைபேசிகளும் வரலாம் என்பதால், சி, சி++ நூலகங்களைத் தங்கள் செயலிகளில் சேர்ப்பவர்கள் அவற்றை மறுபடி தொகுக்க வேண்டியிருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுக உள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கும் இது அன்றாட வேலையாகிவிட்டது.

பகுதியை விடுவிப்பது, உண்டாக்குவதைவிடச் சிரமமானது. அட்டவணையிலிருந்து குறிப்பை அழித்தால் மட்டும் போதாது, புராசசரின் டி.எல்.பி.யில் பழைய விடை இன்னும் இருக்கும். அந்தப் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்தபின் பழைய விடையைப் பயன்படுத்தி முந்தையவர் எழுதிவிட்டால் விபரீதம். ரிஸ்க்-ஃபைவில் இதற்கென்று தனிக் கட்டளை இருக்கிறது. ஆனால் அது ஓடும் புராசசர் மையத்தை மட்டுமே தூய்மை செய்யும். மற்ற மையங்களிலும் அதே செயலியின் இழைகள் ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் சைகை அனுப்பி, அவை தங்கள் வேலையை நிறுத்தித் தூய்மை செய்து பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். மையங்கள் கூடக் கூட இந்தச் செலவும் கூடும். அதனால் கெர்னல் பல பக்கங்களைச் சேர்த்து வைத்து ஒரே சைகையில் முடிக்கப் பார்க்கிறது.

செயலி முடிந்ததும் கெர்னல் பதிவேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை நடந்து, ஒவ்வொரு பகுதியையும் கழற்றுகிறது. மற்றவர்களோடு பகிர்ந்த பக்கங்களின் பயனர் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. தனிப் பக்கங்கள் காலிப் பட்டியலுக்குத் திரும்புகின்றன. கடைசியாக அட்டவணைப் பக்கங்களும் விடுவிக்கப்படுகின்றன. காலிப் பட்டியலுக்குத் திரும்பிய பக்கங்களில் செயலி கடைசியாக எழுதியவை அப்போதும் அப்படியேதான் இருக்கும். அவற்றில் ஒன்று வேறொரு செயலிக்கு வெற்று நினைவகமாகப் போகும்போது, கைமாறுவதற்கு முன் கெர்னல் அதன் 4,096 பைட்டுகளையும் சுழியால் நிரப்பிவிடுகிறது.